மாணவர்க்கு வரவுசெலவுக் கல்வி: சங்கங்கள் வலைச்செயலி அமைக்கும் முறை



நெசவாளர் சங்கம் ஒன்றில் ஆண்டுக் கணக்கைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, அங்கத்தினர் ஒருவரின் மகள், பதினோராம் வகுப்பில் பயில்பவள், கையில் ஓர் அட்டையுடன் நம் முன் வந்து நின்றாள். அது நாள் தண்டல் அட்டை. தந்தையார் பெயரில் 10,000 ரூபாய் கடன் எழுதப்பட்டிருந்தது. அதில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயே கையில் கொடுத்திருந்தனர். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “இது நூற்றுக்குப் பதினைந்து வட்டிதானே, ஐயா?” என்று அவள் கேட்டாள். நாம் பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “ஆமம்மா, பதினைந்துதான்” என்று சொல்லிவிட்டோம்.

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போதுதான் நாம் சொன்ன விடை தவறு என்பது நமக்கு உறைத்தது. பட்டம் பெற்று, வட்டிக் கணக்குகளைத் தணிக்கை செய்வதையே தொழிலாகக் கொண்ட நாமே அவ்வாறு சொன்னோமென்றால், மற்றவர் ஏமாறுவதில் வியப்பில்லை. மறுநாள் முதல் வேலையாக அப்பெண்ணை அழைத்து வரச் செய்து கணக்கைத் திருத்திக் கொடுத்தோம். அவள் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பள்ளிக்கூடத்தில் கூட்டு வட்டிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கினேன், ஐயா. ஆனால் அந்தக் கணக்குகளில் நடுவில் யாரும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லையே” என்றாள்.

அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம். நம் பிள்ளைகள் வட்டிக் கணக்கை அறியாதவர்கள் அல்லர். வீட்டில் நடக்கும் கடன், வகுப்பில் நடக்கும் கணக்கைப் போல் இருப்பதில்லை, அவ்வளவே. அட்டையில் எழுதியிருக்கும் வட்டி வேறு. கையிலிருந்து போகும் வட்டி வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைக் காணக் கற்பிப்பதே வரவுசெலவுக் கல்வியின் தலையாய பாடம். இன்று பெரும்பாலான வீடுகளில் ஒரு கைபேசியேனும் இருத்தலின், அப்பாடத்தை வலைச்செயலி ஒன்றின் வாயிலாகக் கற்பிக்கலாம். அதனைச் சங்கங்கள் எவ்வாறு அமைப்பது என்பதை இங்கே படிப்படியாக ஆராய்வோம்.

1. வலைச்செயலி என்பது யாது?

கைபேசியிலோ கணிப்பொறியிலோ உள்ள உலாவியில் ஒரு முகவரியை இட்டதும் திறந்து, நாம் தரும் எண்களை ஏற்று, கணக்கிட்டு விடை காட்டும் பக்கமே வலைச்செயலி. கடையிலிருந்து செயலியைத் தனியே இறக்கிக்கொள்ளும் தொல்லை இதில் இல்லை. பழைய கைபேசியிலும் திறக்கும். பிழையொன்று கண்டால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அடுத்த முறை இணையத் தொடர்புடன் திறப்பவர் அனைவர்க்கும் அத்திருத்தம் சென்றுசேரும். கணிப்பொறி பயிலும் கல்லூரி மாணவர் இருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், கணக்குத் தெரிந்த சங்கச் செயலாளர் ஒருவர் ஆகிய நால்வர் கூடினால் இதனைச் செய்துவிடலாம். பெரும்பாலான சங்கங்களில் அங்கத்தினர் பிள்ளைகளுள்ளேயே இத்தகைய மாணவர் கிடைப்பர்.

ஆனால், செயலியைக் கட்டுவதற்கு முன் பாடத்தைத் தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும். பாவு சரியாக ஓடாமல் தறியில் ஏறினால், எவ்வளவு திறமையாக நெய்தும் சேலை சீராக அமையாது அல்லவா?

2. கற்பிக்க வேண்டிய நான்கு பாடங்கள்

முதற் பாடம்: தண்டல் அட்டையைப் படித்தல். மேலே கூறிய கடனையே எடுத்துக்கொள்வோம். வாங்கியவர் கையில் முதல் நாள் இருந்தது 8,500 ரூபாய். நாள்தோறும் 100 ரூபாய் திரும்பிப் போகிறது. இறுதி நாளில் கடன் தீர்ந்துவிடுகிறது. ஆகவே, 100 நாளும் சராசரியாக அவர் கையில் நின்ற கடன், 8,500 ரூபாயில் ஏறத்தாழப் பாதி, அதாவது 4,250 ரூபாயே. இந்த 4,250 ரூபாயை 100 நாள் பயன்படுத்தியதற்கு அவர் தந்த விலை 1,500 ரூபாய். இது 100 நாளில் நூற்றுக்கு 35. ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 129. ஒவ்வொரு நாள் நிலுவையையும் கொண்டு நுட்பமாகக் கணக்கிட்டால் இவ்வெண் சிறிது குறையும். எனினும் 120-க்குக் கீழே இறங்காது. பதினைந்து என்று எண்ணியது நூற்றிருபதுக்கு மேல் நிற்கிறது! மிகை வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நாள் வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் அச்சட்டம் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஆனால், தாம் கொடுப்பது எவ்வளவு என்றே அறியாதவர்க்குச் சட்டம் எங்ஙனம் துணை செய்யும்?

இரண்டாம் பாடம்: நிலுவை குறைய வட்டியும் குறைகிறதா? ஒருவர் 12,000 ரூபாயை 12 மாதத் தவணையில், ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டிக்கு வாங்குகிறார் என்று கொள்வோம். வட்டியை முழுத் தொகைக்கும் முழு ஆண்டுக்கும் போட்டால் 1,440 ரூபாய் ஆகிறது. மாதந்தோறும் அசல் 1,000 ரூபாயைக் கட்டி, எஞ்சிய நிலுவைக்கு மட்டும் மாதம் நூற்றுக்கு 1 வீதம் வட்டி கட்டினால், முதல் மாதம் 120 ரூபாய், இரண்டாம் மாதம் 110 ரூபாய் என்று குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் 10 ரூபாயில் முடியும். கூட்டினால் 780 ரூபாய். இரண்டு இடத்திலும் “பன்னிரண்டு வட்டி” என்றே சொல்லுகிறார்கள். ஆயினும் வேற்றுமை 660 ரூபாய். மாணவர் இதனைப் பன்னிரண்டு வரிகளில் தம் கையாலேயே எழுதிக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். பிறகே செயலி விடையைக் காட்ட வேண்டும்.

மூன்றாம் பாடம்: நாளைக் கொண்டு பங்கிடுதல். நகரத்தார்க்கென எழுதப்பட்ட வரவுசெலவுப் பாடங்கள் பெரும்பாலும் மாதத்தின் முதல் நாள் சம்பளம் வருவதாகக் கொண்டே தொடங்குகின்றன. நம் வீடுகளில் அங்ஙனம் இல்லை. நெசவாளர்க்குச் சேலையை அறுத்துக் கொடுத்த பின்னரே கூலி. விவசாயிக்கு அறுவடைக்குப் பின்னரே பணம். ஆகவே, “மாத வருமானம் எவ்வளவு?” என்று கேட்கும் செயலி முதற் கேள்வியிலேயே நம் பிள்ளைகளைத் திகைக்க வைத்துவிடும். “இந்தப் பணம் எத்தனை நாளைக்கு வர வேண்டும்?” என்பதே நமக்குரிய கேள்வி.

எடுத்துக்காட்டாக, ஒரு சேலைக்கு 3,200 ரூபாய் கூலி. நெய்ய எட்டு நாள். நாளொன்றுக்கு 400 ரூபாய் என்று தோன்றும். ஆனால் அடுத்த பாவு வந்து, பிணைத்து, தறி ஓடத் தொடங்குவதற்கு மூன்று நாள் கழிகிறதென்றால், அந்தக் கூலி பதினொரு நாளைக்குரியது. நாள் வருமானம் 291 ரூபாயே. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் நீர் ஊறி வேலை நின்றுவிட்டால் இன்னும் குறையும். தறி நிற்கும் நாளையும் கணக்கில் சேர்க்கத் தெரிந்த பிள்ளையே குடும்பத்தின் உண்மை வருமானத்தை அறிந்த பிள்ளை. அதுபோலவே, அறுவடையில் 60,000 ரூபாய் கிடைத்து, அது 150 நாளைக்கு வர வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 400 ரூபாய். ஆனால் அடுத்த விதைப்புக்கு 15,000 ரூபாயை முதலிலேயே ஒதுக்கிவிட்டால், எஞ்சுவது நாளொன்றுக்கு 300 ரூபாய். விதைப் பணத்தை ஒதுக்காத வீடே விதைப்புக் காலத்தில் தண்டல்காரரைத் தேடிப் போகிறது.

நான்காம் பாடம்: பணத்தின் காவல். கைபேசி வழிப் பணப் பரிமாற்றமான யூபிஐ 2016-ஆம் ஆண்டில் வந்தது. இன்று தேநீர்க் கடையிலும் வழங்குகிறது. மாணவர் மனத்தில் பதிய வேண்டிய விதி ஒன்றே: பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இட வேண்டியதில்லை, இரகசிய எண்ணைக் கேட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்பதே பொருள். ஏமாந்துவிட்டால், நேரத்தை வீணாக்காமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். கைபேசியில் கடன் தருவதாக வரும் செயலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அனைத்துக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் கடனுக்கு முன்பே எழுத்தில் காட்ட வேண்டும் என்றும், கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் அச்செயலிகள் துழாவலாகாது என்றும் ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டில் நெறிமுறை வகுத்தது. தொடர்பு எண்களைக் கேட்கும் கடன் செயலியைக் கண்டதும் அதனை நீக்கிவிடுவதே அறிவுடைமை.

சேமிப்பின் காவலைப் பற்றி நாம் ஒளிவுமறைவின்றி ஒன்றைக் கூற வேண்டும். வங்கியில் ஒருவர் இட்டுள்ள வைப்புகளுக்கு, ஒரு வங்கிக்கு 5 லட்ச ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 4 முதல் இந்த வரம்பு நடப்பில் இருக்கிறது. நகரக் கூட்டுறவு வங்கி, மத்தியக் கூட்டுறவு வங்கி ஆகியவையும் இதில் அடங்கும். ஆனால், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் இடும் வைப்புகள் இக்காப்பீட்டில் அடங்கா. கூட்டுறவு இயக்கத்தைச் சேர்ந்த நாமே இதனைச் சொல்லலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவர்? காப்பீடு இல்லாத இடத்தில் அங்கத்தினரின் விழிப்பே காவல். பொதுக்குழுவுக்கு வருதல், தணிக்கை அறிக்கையைப் படித்தல், வைப்பு இரசீதைப் பேரேட்டுடன் ஒப்பிடச் சொல்லுதல் ஆகியவையும் இப்பாடத்தில் இடம்பெற வேண்டும்.

3. நாம் செய்த பிழைகள் இரண்டு

மேற்கூறிய சங்கத்தில் மாணவர் சிலருடன் சேர்ந்து இத்தகைய செயலி ஒன்றை நாம் முயன்று பார்த்தோம். முதல் வடிவில் பாடங்கள் பதினெட்டு இருந்தன. ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் வினாவும், சரியான விடைக்கு நட்சத்திரமும் வைத்தோம். பிள்ளைகள் ஒரே மாலையில் எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிவிட்டார்கள். நாம் மகிழ்ந்துபோனோம். மறுவாரம் உண்மையான தண்டல் அட்டை ஒன்றின் நகலைக் கொடுத்து வட்டி கேட்டபோது, பத்தில் எண்மர் “பதினைந்து” என்றனர். விடையைத் தொட்டுப் பார்த்து, தவறென்றால் அடுத்ததைத் தொட்டு, அவர்கள் நட்சத்திரத்தைக் கற்றிருந்தார்களேயன்றிக் கணக்கைக் கற்கவில்லை. ஆகவே பதினெட்டை நான்காகக் குறைத்தோம். நட்சத்திரத்தை நீக்கினோம். தேர்ந்தெடுக்கும் விடைகளையும் எடுத்துவிட்டு, எண்ணைத் தாமே எழுதும் கட்டம் மட்டும் வைத்தோம். விடை தவறானால், எந்த வரியில் தவறு நேர்ந்தது என்பதைச் செயலி காட்டியது.

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. “உன் வீட்டுக் கடன்களை எழுது” என்று வகுப்பறையில் வைத்தே ஒரு பயிற்சி கொடுத்தோம். ஒரு சிறுவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அருகில் இருந்தவன் பார்த்துவிடுவானே என்ற நாணம். வீட்டுக் கடனைப் பிள்ளையின் முகத்தில் எழுதுவது கல்வியாகாது. அன்று முதல் வகுப்பறையில் மாதிரி அட்டை மட்டுமே கொடுத்தோம். சொந்த வீட்டுக் கணக்கைப் பெற்றோர் விரும்பினால் வீட்டில், அவர்களுடன் அமர்ந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். தாமே முன்வந்து கணக்குப் போட்ட வீடுகள் பல.

4. செயலியின் அமைப்பில் கவனிக்க வேண்டியவை

(அ) கைபேசித் தொடர்பு கிடைக்காத ஊர்களும் உண்டு. ஒருமுறை திறந்ததும் பக்கங்களை உலாவியே தன்னிடம் சேமித்துக்கொண்டு, பின்னர் இணையம் இல்லாமலே இயங்கும் வசதி இன்றைய உலாவிகளில் இருக்கிறது. அதனை அவசியம் பயன்படுத்த வேண்டும். பெரிய படங்களும் அசையும் காட்சிகளும் வேண்டா.

(ஆ) தொகைகளை ரூபாயும் பின்னமுமாக வைக்காமல், முழுப் பைசாக்களாகவே கணிப்பொறியில் வைக்க வேண்டும். கணிப்பொறி எண்களை இரண்டின் அடிப்படையில் வைப்பதால், நம் தசமப் பின்னங்கள் பலவும் அதற்குள் சரியாக அடங்குவதில்லை. 0.1-உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னால், உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி 0.3 என்று சொல்லாமல் 0.30000000000000004 என்று சொல்லும். ஒரு கணக்கில் இது சிறிது. தவணைகள் பலவற்றில் ஒரு பைசா இடிக்கவும் கூடும். பைசா இடிக்கும் பேரேட்டை நாம் ஒப்புவதில்லை. செயலியிடம் மட்டும் ஏன் ஒப்ப வேண்டும்?

(இ) எழுத்துகள் ஒருங்குறித் தமிழில் இருக்க வேண்டும். எண்களுக்கு 1,00,000 என்று நம் வழக்கப்படியே காற்புள்ளி இட வேண்டும். “அசல்”, “நிலுவை”, “தவணை”, “பிடித்தம்” என்று வீட்டில் வழங்கும் சொற்களையே ஆள வேண்டும்.

(ஈ) பெயர், கைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எதுவும் கேட்கலாகாது. 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளுவதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டுமென 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அச்சட்டத்தை நிறைவேற்ற எளிய வழி, விவரங்களைக் கேளாமலே இருப்பதுதான். கேட்டு வாங்காத விவரம் களவு போவதில்லை. ஒரே கைபேசியை வீட்டில் பலர் பயன்படுத்துவதால், “எல்லாவற்றையும் அழி” என்னும் பொத்தான் ஒவ்வொரு பக்கத்திலும் இருத்தல் நன்று.

(உ) செயலியில் விளம்பரம் எதுவும் இருக்கலாகாது. நம் சங்கத்தின் வைப்புத் திட்டத்திற்கும் அங்கே இடமில்லை. பாடம் சொல்பவரே பொருளும் விற்கத் தொடங்கினால், மாணவர் பாடத்தையும் ஐயுறுவர். எந்தப் பணமும் செயலி வழியே வரவோ போகவோ கூடாது.

(ஊ) மாறக்கூடிய விகிதங்களும் வரம்புகளும் எழுதப்பட்ட இடமெல்லாம், அவை சரிபார்க்கப்பட்ட நாளைக் காட்ட வேண்டும். பழைய விகிதத்தைப் புதியதுபோல் காட்டும் செயலி, செயலி இல்லாமையினும் தீயது.

5. செயலிக்கும் தணிக்கை வேண்டும்

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்யாமல் பொதுக்குழு ஏற்பதில்லை. அதுபோலச் செயலியையும் தணிக்கை செய்த பின்னரே மாணவர் கையில் கொடுக்க வேண்டும். முறை எளிது. செயலாளரும் ஆசிரியரும் தனித்தனியே பத்துக் கணக்குகளைத் தாளில் கையால் போட வேண்டும். இருவர் விடையும் ஒத்த பிறகே செயலியின் விடையுடன் ஒப்பிட வேண்டும். அசல் பூஜ்யமாக இருந்தால் என்ன விடை வருகிறது, தவணை ஒன்றே ஆனால் என்ன, பிப்ரவரி 29-இல் கடன் தொடங்கினால் என்ன என்பனவற்றையும் சோதிக்க வேண்டும். இவற்றில்தான் பிழைகள் பதுங்கியிருக்கும். ஊரிலேயே மிகப் பழைய கைபேசியை இரவல் வாங்கி அதில் திறந்து பார்க்க வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் வாரத்தில் இத்தணிக்கையை மீண்டும் செய்ய ஒருவரைப் பொறுப்பாக்கித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். கட்டிய மாணவர் படிப்பு முடித்து வெளியூர் சென்றுவிட்டால் செயலி அநாதையாகிவிடும் என்பதை மறத்தலாகாது. ஆதலின், முகவரியும் கடவுச்சொற்களும் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் காவலில் இருத்தல் வேண்டும்.

மாணவர் கற்றனரா என்பதற்கு ஒரே சோதனைதான். செயலியை மூடி வைத்துவிட்டு, இதுவரை காணாத ஓர் அட்டையையும் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் உண்மை வட்டியை ஏறத்தாழச் சொல்லிவிட்டால் அவர் கற்றவர். கைபேசி இல்லாமல் விடை வராதென்றால், செயலி அவருக்கு ஊன்றுகோலாயிற்றேயன்றிக் கல்வியாகவில்லை.

6. இது சங்கத்தின் வேலையா?

“பள்ளிக்கூடம் இருக்கிறதே, சங்கம் ஏன் இதில் தலையிட வேண்டும்?” என்று சில அங்கத்தினர் கேட்பர். இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டில் இருபத்தெண்மர் சேர்ந்து கூட்டுறவுக் கடை தொடங்கினர். நெசவுத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். கடன் சொல்லி வாங்கிக் கடைக்காரர்க்கு அடிமைப்பட்ட வாழ்வை அறிந்தவர்களாதலின், ரொக்கத்திற்கே விற்பது என்று விதி செய்தனர். பின்னர் உபரியில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, நூல் நிலையமும் படிப்பகமும் நடத்தினர். உறுப்பினர்க்குக் கல்வி புகட்டுதல் இன்றும் அனைத்துலகக் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழனுள் ஐந்தாவதாக நிற்கிறது. நம் நாட்டிலும் 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததே, வட்டிக் கொடுமையிலிருந்து உழவரையும் கைத்தொழிலாளரையும் மீட்பதற்காகத்தான். கடன் தருவது அவ்வேலையில் பாதி. கடனைப் படிக்கக் கற்பிப்பது மறுபாதி. ஆகவே இது சங்கத்தின் வேலையே. துணைவிதிகள் இடந்தரும் அளவில், பொதுக்குழுவின் தீர்மானத்துடன் இதற்குச் செலவு செய்யலாம். செலவு பெரிதன்று, உழைப்பே பெரிது.

இறுதியாக, அந்தத் தண்டல் அட்டையின் கதையை முடித்துவிடுவோம். அதில் ஏற்கெனவே அறுபத்திரண்டு நாள் கட்டியாகிவிட்டது. நம் கணக்கு அக்கடனுக்குப் பயன்படவில்லை; மீதி நாளும் கட்டித்தான் தீர்ந்தது. ஆனால் அடுத்த தீபாவளிக்கு முன் அத்தந்தையார் கையொப்பமிடாத ஒரு கடன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு சங்கத்திற்கு வந்தார். “மகள் இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்கிறாள், அவள் போட்ட கணக்குச் சரிதானா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்” என்றார். இம்முறை நாம் பேரேட்டை மூடி வைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தோம். மகள் போட்ட கணக்குச் சரியாகவே இருந்தது. அவர் அத்தாளில் கையொப்பமிடவில்லை.

படிப்பு வட்டங்களுக்குரிய பயிற்சிகள்

1. 6,000 ரூபாய் கடன். மாதம் 1,000 ரூபாய் அசல். நிலுவைக்கு மாதம் நூற்றுக்கு 1 வட்டி. மொத்த வட்டி எவ்வளவு? முழுத் தொகைக்கும் ஆறு மாதத்திற்கும் அதே விகிதத்தில் வட்டி போட்டால் எவ்வளவு? (விடை: 210 ரூபாய், 360 ரூபாய்.)

2. கரும்புப் பணம் 48,000 ரூபாய். மறுநடவுக்கு 12,000 ரூபாய் ஒதுக்கிய பின், மீதி 240 நாளைக்கு வர வேண்டும். நாள் செலவு எவ்வளவுக்குள் அடங்க வேண்டும்? (விடை: 150 ரூபாய்.)

3. 5,000 ரூபாய் தண்டலில் 500 ரூபாய் முன்பிடித்தம். நாள் 50 ரூபாய் வீதம் 100 நாள். சராசரி நிலுவை முறையில் ஆண்டு வட்டி எவ்வளவு? (விடை: நூற்றுக்கு ஏறத்தாழ 81.)

அன்பர்கள் இவற்றைத் தம் பிள்ளைகளுடன் அமர்ந்து, முதலில் தாளிலேயே போட்டுப் பார்ப்பாராக.